தாங்கும் என்போர்க்கு ஒரு மறுமொழி

கடல் பெரிது, எதைக் கொட்டினாலும் தாங்கும் என்னும் பேச்சு நமக்குப் புதிதன்று. சாயப்பட்டறைக் கழிவுக்கும், நகரத்துச் சாக்கடைக்கும், ஆலைகளின் வெந்நீருக்கும் கடலின் கதவைத் திறந்துவிட்டது இந்தப் பேச்சுதான். இப்போது அதே பேச்சு கற்றோர் உடையில் வந்து நிற்கிறது. கரியமில வாயு கடலில் கரைந்து நீரின் இயல்பை மாற்றுகிறதா? மாற்றட்டும்; பவள உயிரிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்து வந்தவை, இதையும் தாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். கேட்பவர்களும் ஆறுதலோடு வீடு திரும்புகிறார்கள். அந்த ஆறுதல் பொய்யானது. பவளம் தாங்கவே தாங்காது என்பதன்று நம் வழக்கு. தாங்குவதற்கு அது கொடுக்கும் விலையை இவர்கள் கணக்கில் எழுதாமல் விடுகிறார்கள் என்பதே நம் வழக்கு.

முதலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கையும் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தும் காடுகளை அழித்தும் மனிதன் வெளிவிடும் இவ்வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அது வாங்காதிருந்தால் நாம் இன்று படும் வெப்பம் இன்னும் கடுமையாக இருந்திருக்கும். ஆனால் வாங்கிய வாயு நீரில் சும்மா இருப்பதில்லை. சோடா புட்டியில் நிகழ்வதுதான் கடலிலும் நிகழ்கிறது. வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது; அமிலம் ஹைட்ரஜன் அயனிகளை உதிர்க்கிறது; அந்த அயனிகள் கடல்நீரிலுள்ள கார்பனேட் அயனிகளைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகின்றன. சிப்பியும் சங்கும் பவளமும் தம் கூட்டைக் கட்டுவதற்குக் கால்சியத்தோடு இணைக்க வேண்டிய பொருள் அந்தக் கார்பனேட்டே. வீடு கட்டும் இடத்தில் ஒருவர் செங்கல்லை இறக்க இறக்க, இன்னொருவர் அதைத் தூக்கிக்கொண்டு போவது போன்ற நிலை இது.

இங்கே ஒரு சொல் விளையாட்டு நுழைகிறது. கடலின் மேற்பரப்பு நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 8.2 ஆக இருந்து 8.1 ஆகக் குறைந்திருக்கிறது. ஏழுக்கு மேல் இருப்பதெல்லாம் காரம், கீழே இறங்கினால்தான் அமிலம். ஆகவே ‘கடல் அமிலமாகிறது’ என்பதே பொய், வெறும் பயமுறுத்தல் என்கிறார்கள் சிலர். மனிதக் குருதியின் அளவு 7.4. அது 7.2 ஆக இறங்கினாலும் இலக்கணப்படி காரமே. ஆயினும் அந்நிலையிலுள்ள நோயாளியை எந்த மருத்துவரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. குருதியில் அமிலம் மிகுந்துவிட்டது என்று சொல்லியே சிகிச்சையைத் தொடங்குகிறார். பி.எச். அளவுகோல் பத்தின் மடங்குகளில் ஏறி இறங்குவது. அதில் 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் பெருகிவிட்டன என்று பொருள். சொல்லைப் பற்றிச் சண்டையிட விரும்புவோர் அகராதியை வைத்துக்கொண்டு இருக்கட்டும்.

இன்னொரு வாதம் சற்றுக் கூர்மையானது. சுண்ணாம்புக் கூடு என்பது கால்சியம் கார்பனேட். அதிலும் கரி இருக்கிறது. கரியமில வாயு மிகுந்தால் கட்டுவதற்கு மூலப்பொருள் கூட வேண்டுமே, குறையுமா என்று கேட்கிறார்கள். பள்ளியில் நாம் செய்த சோதனையொன்று இதற்கு விடை தருகிறது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வழியே மூச்சை ஊதினோம். நீர் பால்போல் வெளுத்தது. ஆசிரியர் அத்தோடு நிறுத்திவிட்டார். தேர்வுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. நிறுத்தாமல் மேலும் மேலும் கரியமில வாயுவைச் செலுத்திக்கொண்டே இருந்தால், வெண்மை கரைந்து நீர் மீண்டும் தெளிந்துவிடும். முதலில் சுண்ணாம்பை உறையச் செய்த அதே வாயு, அளவு கடந்தபின் அதனைக் கரைக்கிறது. பாடநூலில் அடுத்த வரியிலேயே இது இருக்கிறது. வாதம் செய்வோர் முதல் வரியோடு நூலை மூடிவிட்டார்கள்.

நம் கடற்கரையோர மக்களுக்குப் பவளக்கல் அயலான பொருளன்று. முருகைக்கல் என்று அதனை வழங்குவர். 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் கூரையிழந்து நிற்கும் ஆலயத்தின் சுவர்கள் அக்கல்லால் எழுப்பப்பட்டவை. அருகில் சென்று பார்ப்பவர்க்குக் கல்லின் மேல் சிறுசிறு குழிகள் தென்படும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த அறை. பவளப்பூச்சி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பூச்சியினமன்று, கடற்சாமந்தியின் உறவினம். மென்மையான உடல், மேலே வாயைச் சுற்றி உணர்கொம்புகள், கீழே, தானே கட்டிய கல்வீடு.

அவ்வீடு கட்டப்படும் விதம் வியப்புக்குரியது. உயிரியின் அடித்தோலுக்கும் ஏற்கெனவே கட்டிய கூட்டுக்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. கடல்நீர் அதற்குள் வருகிறது. உயிரி அந்நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கிறது. கால்சியம் அயனிகளை உள்ளே ஏற்றுகிறது. அதனால் அவ்விடைவெளி நீரின் பி.எச். அளவு வெளிக்கடலைவிட உயர்கிறது. அங்கே பைகார்பனேட் தன் ஹைட்ரஜனை உதறிக் கார்பனேட்டாகி, கால்சியத்தோடு கூடி அரகோனைட் என்னும் படிகமாக உறைகிறது. உதறப்பட்ட ஹைட்ரஜனையும் உடனுக்குடன் வெளியேற்றியாக வேண்டும். இல்லையேல் வேலை நின்றுவிடும். ஏற்றம் இறைப்பவன் கை ஓயாததுபோல், இந்த இறைப்பும் ஓயாமல் நடக்க வேண்டும். அதற்கு வேண்டிய உணவைப் பெரும்பாலும் அதன் திசுக்களுக்குள் குடியிருக்கும் ஒருசெல் பாசிகள் கதிரவன் ஒளியில் சமைத்துத் தருகின்றன.

வெளிக்கடலில் ஹைட்ரஜன் அயனிகள் பெருகினால் என்ன ஆகும் என்பது இப்போது விளங்கும். தாழ்ந்த வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்கு நீர் இறைக்கிறோம். மேடோ ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகிறது. இறைத்துவிடலாம், தாங்கலாம். ஆனால் அதே கூழைக் குடித்துவிட்டு அதிக உயரத்துக்கு இறைப்பவனிடம் வேறு வேலைக்கு வலு எங்கே மிஞ்சும்? முட்டையிடுவதற்கும், மீன் கடித்த புண்ணை ஆற்றுவதற்கும், பக்கத்துப் பாசியோடு இடத்துக்குப் போராடுவதற்கும் அதே உணவுதானே வேண்டும்? 2018-இல் வெளியான ஓர் ஆய்வு போரிடிஸ் என்னும் திரட்சியான பவளங்களை எடுத்துக்கொண்டது. கடல் அமிலமாவதால் அவற்றின் கூடு மேல்நோக்கி நீள்வது குறிப்பிடத்தக்கவாறு தடைப்படவில்லை. கூடு தடிப்பதுதான் குறைகிறது என்று அது காட்டியது. அதாவது வெளியிலிருந்து பார்த்தால் பவளம் வளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும். முதிய வயதில் எலும்பு மெலிந்த தாய்மார்கள் வீட்டில் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழும் நாளில்தான் நமக்கு அது தெரியவருகிறது. பவளத்துக்கு அந்த நாள் புயலாக வரும்.

தாங்கும் என்போர் தம் கட்சிக்கு விரும்பி எடுத்துக்காட்டும் சோதனை ஒன்றுண்டு. அதனை மறைக்காமல் சொல்லிவிடுவோம். இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் மாவோஸ் ஃபைன், டான் செர்னோவ் ஆகிய இருவரும் மத்தியதரைக் கடலின் இரண்டு பவள இனங்களை அமிலம் மிகுந்த நீரில் மாதக்கணக்காக வைத்திருந்தனர். கூடுகள் முற்றிலும் கரைந்துபோயின. ஆனால் உயிரிகள் சாகவில்லை. கூடில்லாத கடற்சாமந்திபோல் வெற்றுடலோடு வாழ்ந்தன. பின்பு இயல்பான கடல்நீரில் விட்டபோது மீண்டும் கூடு கட்டின. 2007-இல் இது வெளியானது. அருமையான ஆய்வு, பவளங்களின் நெடிய வரலாற்றைப் புரிந்துகொள்ள உதவுவது. ஆனால் இதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, பவளம் பிழைத்துக்கொள்ளும் என்று கைதட்டுவது என்ன நியாயம்? வெள்ளத்தில் வீடிழந்த குடும்பம் முகாமில் உயிரோடு இருக்கிறது என்பதற்காக, ஊர் அழியவில்லை என்று அறிக்கை கொடுப்போமா? மீனுக்குப் புகலிடம் தருவது பவளத்தின் வெற்றுடல் அன்று. அலையை உடைத்துக் கரையைக் காப்பதும் அவ்வுடல் அன்று. கூடுதான் இவையனைத்தையும் செய்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூட்டின்மேல் கூடு ஏறி எழுந்ததைத்தான் மீனவர் பார் என்கின்றனர். உயிரி இருந்து கூடு இல்லையென்றால் பவளம் இருக்கும், பார் இராது.

தொட்டியில் செய்த சோதனையை நம்பாதவர்கள் பாப்புவா நியூகினியின் மில்னே வளைகுடாவுக்குச் செல்லலாம். அங்கே எரிமலைப் பகுதியின் கடலடியிலிருந்து ஏறக்குறையத் தூய கரியமில வாயு குமிழி குமிழியாக வெளிவருகிறது. ஆண்டுக்கணக்காக அந்நீரிலேயே பிறந்து வளர்ந்த பார்கள் அங்கே உள்ளன. பழகிக்கொள்ள அவகாசம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாத இடம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கடலியல் அறிஞர் கத்தரினா ஃபாப்ரீசியஸ் தம் குழுவினரோடு அவற்றை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். பி.எச். 8.1 இருக்கும் இடத்திலும், 7.8 ஆகத் தாழ்ந்த இடத்திலும் பவளம் மூடியிருக்கும் பரப்பில் பெரிய வேறுபாடு இல்லை. தாங்குவோர் கட்சிக்கு இது வெற்றிபோல் தோன்றும். ஆனால் அப்பரப்பை மூடியிருப்பது எது? கிளைத்தும் விரிந்தும் மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம் தரும் இனங்கள் அருகிவிட்டன. திரட்சியான போரிடிஸ் பாறைகளே எங்கும் நிறைந்திருந்தன. அவையும் மெதுவாகவே கட்டிக்கொண்டிருந்தன. புதிய இளம் பவளங்கள் வந்து ஒட்டுவது குறைந்திருந்தது. 7.7-க்கும் கீழே பார் உருவாவதே நின்றுபோயிருந்தது. பரப்பை மட்டும் அளந்துகொண்டு திரும்பியிருந்தால் எல்லாம் நலம் என்றே எழுதியிருப்பார்கள். பல மரங்கள் நின்ற காட்டை அழித்துத் தைலமரம் நட்டுவிட்டு, பசுமைப் பரப்பு குறையவில்லை என்று புள்ளிவிவரம் காட்டுவதை நாம் அறியாதவர்களா?

இளம் பவளங்கள் ஏன் குறைகின்றன என்பதையும் சொல்லவேண்டும். கடலில் மிதந்துவரும் பவளக் குஞ்சு எங்கும் அமர்ந்துவிடுவதில்லை. பாறையின் மேல் இளஞ்சிவப்புப் பூச்சுபோல் படரும் ஒருவகைச் சுண்ணாம்புப் பாசியைத் தேடி அமர்கிறது. உதிர்ந்த பவளத் துண்டுகளை ஒட்டிப் பிடித்துச் சாந்துபோல் இறுக்குவதும் அப்பாசிதான். அதன் கூடோ மக்னீசியம் மிகுந்த கால்சைட். அரகோனைட்டினும் எளிதில் கரைவது. ஆக, கொத்தனுக்குக் கை தளரும் முன்பே சாந்து இளகத் தொடங்குகிறது. பவளத்தைத் துளைத்து வாழும் கடற்பஞ்சுகளுக்கோ வேலை எளிதாகிறது.

இதெல்லாம் நூற்றாண்டின் இறுதிக்குரிய செய்தி, இன்றைக்கு என்ன என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாரின் தென்பகுதியில் ஒன் டிரீ தீவு என்னும் சிறு தீவு இருக்கிறது. அங்கே ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டெய்ரா ஆகியோரின் குழு ஆய்வுக்கூடத்தில் அன்றி உயிருள்ள பாரின் மேலேயே சோதனை செய்தது. ஓடும் நீரில் காரப்பொருளைக் கலந்து, தொழிற்புரட்சிக்கு முந்திய நிலைக்கு அதனைக் கொண்டுவந்தார்கள். பார் சுண்ணாம்பு சேர்க்கும் வேகம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. 2016-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. கூடியது என்பதைத் திருப்பிப் படித்தால், அந்த அளவுக்கு ஏற்கெனவே குறைந்திருந்தது என்பதுதானே பொருள்? பின்னர் அதே குழு நீரில் கரியமில வாயுவைச் சேர்த்து, இந்நூற்றாண்டின் பிற்பகுதிக்கு எதிர்பார்க்கப்படும் நிலையை உண்டாக்கியது. சுண்ணாம்பு சேர்க்கும் வேகம் 34 விழுக்காடு வீழ்ந்தது. 2018-இல் வெளியான முடிவு இது.

பழங்காலத்தில் இதைவிட மிகுந்த கரியமில வாயு இருந்ததே, அன்றும் பார்கள் இருந்தனவே என்பார்கள். இருந்தன. வாயு பல இலட்சம் ஆண்டுகளில் மெல்ல ஏறியபோது, மழை பாறைகளைக் கரைத்துக் கடலுக்குக் காரப்பொருளைக் கொண்டுசேர்க்க அவகாசம் இருந்தது. இருநூறு ஆண்டுகளில் அந்த அவகாசம் ஏது? வேகமாக ஏறிய காலங்களின் சான்றும் பாறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், எரிமலைகள் கக்கிய வாயுவால் கடல் வெப்பமுற்று, உயிர்க்காற்றுக் குன்றி, அமிலமாகியபோது அன்றைய பவள இனங்கள் அழிந்தன. உயிரிகள் கூடிப் பார் கட்டும் தொழில் பல இலட்சம் ஆண்டுகள் நின்றுபோயிருந்தது. இன்றைய பவளங்கள் அதற்குப் பின்னர்த் தோன்றியவை. கடல் மீண்டுவிட்டது என்பது மெய்தான். அத்தனை காலம் காத்திருக்க எந்த மீனவக் குடும்பத்தால் இயலும் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.

வெப்பமே பவளத்தை விரைந்து கொல்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்ததைக் கண்டோம். ஆனால் வெளுத்து இறந்த இடத்தைப் புதிய பவளங்கள் நிரப்ப வேண்டும். நிரப்புவதென்றால் கூடு கட்ட வேண்டும். வெப்பம் ஆளைக் கொல்கிறது. அமிலம் அவனுக்குப் பின் வருபவனின் கையைக் கட்டுகிறது. இரண்டும் ஒரே புகையின் பிள்ளைகள். இதை மறந்தவர்களே வானில் கந்தகத் துகள்களைத் தூவி, கதிரவனை மங்கச் செய்து, உலகைக் குளிர்விக்கலாம் என்று திட்டம் தீட்டுகிறார்கள். குளிர்வித்தாலும் காற்றில் வாயு அப்படியே இருக்கும். கடல் அதனைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடை பிடித்தால் வெயில் மறையலாம். குடிக்கும் நீர் மாறாது.

பாரிலிருந்து எடுப்பது மிகுந்து, சேர்வது குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வேறு நாடு தேடிச் செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாக முருகைக்கல் எடுப்பது பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் அலையைத் தடுக்கப் பாரின்றிப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீருள் மறைந்துவிட்டன. கடப்பாறை கொண்டு கல் எடுத்த ஏழைத் தொழிலாளியைச் சட்டம் நிறுத்தியது, நிறுத்தியது சரியே. இன்று கடப்பாறை இல்லாமலே அதே வேலை உலகெங்கும் நடக்கிறது. அதைச் செய்பவர்களின் பெயரை எந்த அட்டவணையிலும் காணோம். நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் அதே வளைகுடாவின் கரையில் நிற்கின்றன. அந்தப் புகை மட்டுமே இந்த நீரைக் கெடுக்கிறது என்று சொல்லமாட்டோம். காற்றுக்கு எல்லையில்லை, எந்தக் கண்டத்தில் எரித்தாலும் எல்லாக் கடலும் பங்குபெறும். சராசரி இந்தியர் ஒருவர் வெளிவிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. வள்ளத்தில் சென்று வலை வீசுபவரின் பங்கு அதனினும் எத்தனை சிறியது! தாங்கும் என்று சொல்பவர் ஒருவர், தாங்க வேண்டியவர் வேறொருவர் என்பதை இங்கே காண்கிறோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், கடல் அமிலமாவதைத் தன் 24-ஆம் பத்தியில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பவளப்பாறைகளின் அழிவை 41-ஆம் பத்தியில் பேசுகிறது. நம் பங்குகளில் சுற்றுச்சூழல் நாள் என்றால் மரக்கன்று நடுகிறோம். நடுவது நல்லதே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கடலை நம்பிப் பிழைக்கும் பங்குகளிலும்கூட மரக்கன்றோடு விழா முடிந்துவிடுவது ஏன்? கரையிலிருந்து பார்த்தால் கடல் நேற்றுப்போலவே நீலமாக இருக்கிறது என்பதாலா?

இனி நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. பவளப் பரப்பு இத்தனை விழுக்காடு என்று அறிக்கை வரும்போது, அதில் எந்தெந்த இனங்கள், அவற்றின் கூட்டின் அடர்த்தி என்ன, ஆண்டுக்கு எவ்வளவு சுண்ணாம்பு சேர்ந்தது, எவ்வளவு கரைந்தது என்று கேட்க வேண்டும். வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கை நம் பங்குப் பேரவைகூட ஏற்பதில்லை. சட்டகம் இறக்கிப் பவளத் துண்டுகளை நட்டோம் என்று சொல்பவர்களிடம், அவற்றைச் சூழ்ந்த நீரின் இயல்பைத் தொடர்ந்து அளக்கிறீர்களா என்றும் கேட்க வேண்டும்.

மணலைப் பற்றியும் கேட்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் பவளத் துண்டுகளாலும், பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசியும் பொடிந்த மணலாலும் ஆனவை. பவள உயிரியாவது அயனிகளை இறைத்துத் தன் கூட்டைச் சிறிது காலம் காத்துக்கொள்ளும். மணலுக்கு அந்த வித்தை தெரியாது. உலகின் பவளக்கடல்களில் மணல் சேர்வதும் கரைவதும் பற்றிய ஆய்வொன்று 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. 2050-ஐ ஒட்டி அம்மணல், சேர்வதைவிட மிகுதியாகக் கரையத் தொடங்கும் என்று அது கணிக்கிறது. இன்று நம் மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும்.